பாறையைக் காக்கும் பாறையேறிகள்

வயலைக் காக்க வேலி போடுகிறோம். குளத்தைக் காக்கக் கரை கட்டுகிறோம். காட்டைக் காக்க வனத்துறை இருக்கிறது. பாறையைக் காக்க என்ன செய்கிறோம்? ‘பாறையைப் போய்க் காப்பானேன்? மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிற்பதல்லவா அது! வெடி வைத்து உடைத்தாலன்றி அதற்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது?’ என்றுதான் நம்மில் பலருக்கும் தோன்றும்.

இந்த எண்ணம் பாதிதான் சரி. பாறை உறுதியானதே. ஆனால் பாறையை ஒட்டி இருப்பவை அவ்வளவு உறுதியானவை அல்ல. அதன் இடுக்கில் வேர்விட்ட செடி, அதன் விளிம்பில் முட்டையிடும் பறவை, அதன் நிழலில் பழங்கால மனிதன் விட்டுச் சென்ற அடுப்புச் சாம்பல் ஆகிய யாவும் ஒரு காலடியில் அழிந்துவிடக் கூடியவை. மேலும், எந்தப் பாறையும் யாரோ ஒருவருடைய நிலத்தில்தான் நிற்கிறது. அந்த நிலத்துக்கு உரியவர் ‘இனி இங்கே வராதீர்கள்’ என்று ஒரு பலகை வைத்துவிட்டால், அதை நாடி வந்தவர்களுக்கு அன்றோடு கதவு அடைபட்டுவிடும்.

இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துக் கற்றுக்கொண்டவர்கள் பாறையேறுதலை விளையாட்டாகக் கொண்ட இளைஞர்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அவர்கள் ஒரு சங்கம் அமைத்து, பணம் திரட்டி, பாறைகளை நிலத்தோடு விலைக்கு வாங்கினார்கள். அதை ஏன் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று இக்கட்டுரையில் காண்போம்.

மணல் கல்லான கதை

கென்டக்கியின் கிழக்குப் பகுதியில் ரெட் ரிவர் என்றொரு சிற்றாறு ஓடுகிறது. ‘செவ்வாறு’ என்பது அப்பெயரின் பொருள். இந்த ஆறும் அதன் ஓடைகளும் ஒரு மேட்டுநிலத்தை அறுத்து ஆழமான பள்ளத்தாக்குகளை உண்டாக்கியிருக்கின்றன. இதனை ‘ரெட் ரிவர் கார்ஜ்’ என்பர். இதன் பெரும்பகுதி டேனியல் பூன் தேசியக் காட்டைச் சேர்ந்தது. தெற்கே தனியார் நிலங்களும் நிறைய உண்டு.

நம் ஊர்க் குன்றுகள் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனவை. உருகிய குழம்பு ஆறிக் கெட்டியானதாலோ, பூமிக்கடியில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியதாலோ தோன்றியவை. ரெட் ரிவர் பாறை அப்படிப்பட்டதன்று. அது மணற்பாறை. முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இங்கே பெரிய ஆறுகள் பாய்ந்து மணலையும் கூழாங்கற்களையும் அடுக்கடுக்காகக் கொண்டுவந்து கொட்டின. மேலே மேலே சேர்ந்த வண்டலின் பாரத்தால் மணல் இறுகியது. நிலத்தடி நீரில் கரைந்து வந்த தாதுப்பொருள்கள் மணல் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்தன. இவ்வாறு மணல் கல்லாயிற்று.

ஒட்டுப்பொருள் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. இரும்புத் தாது மிகுந்த இடங்கள் உறுதியான தகடுகளாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒட்டு குறைந்த இடங்களில் மணல் உதிர்ந்து தேன்கூடு போன்ற குழிகள் விழும். கைவிரலை நுழைக்கவும் கால் நுனியை ஊன்றவும் இவை ஏற்ற பிடிகள் அல்லவா? உலகின் பல நாடுகளிலிருந்தும் பாறையேறிகள் இங்கே வருவதற்கு இந்தப் பிடிகளே காரணம்.

இன்னொரு சிறப்பும் உண்டு. செங்குத்துச் சுவரின் அடிப்பகுதியில் மென்மையான படிவுகள் விரைவாகக் கரைந்து போகின்றன. மேற்பகுதி தாழ்வாரம் போல முன்னால் நீண்டு நிற்கிறது. இத்தகைய பாறைக் குடைவுகள் இங்கே ஏராளம். சில இடங்களில் குடைவு மறுபுறம் வரை சென்று, கல்லாலான வளைவுப் பாலங்களாக நிற்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட இயற்கை வளைவுகள் இப்பகுதியில் இருக்கின்றன.

தாழ்வாரத்தின் கீழே மூன்று உரிமைக்காரர்கள்

பாறைத் தாழ்வாரத்தின் கீழே மழை விழுவதில்லை. வெளியே கொட்டும் மழையிலும் உள்ளே மண் பொடியாகவே கிடக்கும். இந்த ஒரு காரணத்தால் அந்த இடத்துக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடுகிறார்கள் எனலாம்.

முதலாவது உரிமைக்காரர் ஒரு செடி. வெண்ணிற மென்மயிர் போர்த்திய இலைகளும், இலையுதிர் காலத்தில் பூக்கும் சிறு மஞ்சள் பூக்களும் கொண்டது. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் அறிவியற் பெயர் ‘சாலிடாகோ ஆல்போபைலோசா’. லூசி பிரான் என்ற தாவரவியல் அறிஞர் 1942-ஆம் ஆண்டில் இதனைத் தனிச் சிற்றினமாக விவரித்தார். உலகத்தில் ரெட் ரிவர் பள்ளத்தாக்குப் பகுதியைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. அங்கும் பாறைக் குடைவுகளின் நிழலில், கூரை விளிம்பிலிருந்து நீர் சொட்டும் கோட்டுக்கு உட்புறமாகவே வாழ்கிறது. 1988-இல் அமெரிக்க அரசு இதனை அழியும் ஆபத்தை நெருங்கும் செடிகளின் பட்டியலில் சேர்த்தது. மனிதர்களின் காலடியே அதன் முதற் பகை என்று கண்டறியப்பட்டது.

இரண்டாவது உரிமைக்காரர் இன்று உயிரோடு இல்லாதவர், பழங்கால உழவர். ஈரம் படாத மண்ணில் விதை, நார், மட்டை போன்றவை மக்குவதில்லை. ஆகவே ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் சேமித்து வைத்த தானியம் இங்கே அப்படியே கிடைக்கிறது. நியூட் காஷ் என்ற குடைவில் கிடைத்த தாவரப் பொருள்களை வால்னி ஜோன்ஸ் என்பவர் ஆராய்ந்து 1936-இல் வெளியிட்டார். நம் சக்கரவர்த்திக் கீரைக்கு உறவான ஒரு செடியின் விதைகளும் இப்பகுதிக் குடைவுகளில் கிடைத்துள்ளன. காட்டுச் செடியின் விதைத்தோல் தடிப்பாக இருக்கும். மனிதன் ஆண்டுதோறும் விதைத்து அறுத்து வளர்த்த செடியில் விதைத்தோல் மெலிந்துவிடும். இங்கே கிடைத்த விதைகளின் தோல் மெல்லியது. அவற்றின் வயது ஏறத்தாழ 3,400 ஆண்டுகள். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மக்கள் மக்காச்சோளம் வந்து சேர்வதற்கு முன்பே தாங்களாகவே வேளாண்மையைக் கண்டார்கள் என்பதற்கு இத்தகைய விதைகள் முக்கியமான சான்று.

மூன்றாவது உரிமைக்காரர் பாறையேறி. மழை நாளிலும் நனையாத, முன்னோக்கிச் சாய்ந்த சுவர் அவருக்கு மிகவும் பிடித்தமான இடம். அவர் அங்கே வருகிறார். கயிற்றையும் பையையும் கீழே வைக்கிறார். நண்பர்களோடு நாள் முழுவதும் நிற்கிறார், நடக்கிறார். அவர் கெட்டவர் அல்லர். ஆனால் அவர் காலடியில்தான் அந்தச் செடியும் அந்த விதைகளும் இருக்கின்றன!

காலடி செய்யும் வேலை

காலடி என்ன பெரிய தீங்கு செய்துவிடும் என்று கேட்கலாம். நல்ல மண்ணில் பாதிக்குப் பாதி வெற்றிடம். அதில் காற்றும் நீரும் இருக்கும். மண்ணை மிதிக்க மிதிக்க அந்த இடைவெளிகள் நசுங்குகின்றன. நீர் உள்ளே இறங்காமல் மேலாக ஓடுகிறது. ஓடும்போது மண்ணையும் அரித்துச் செல்கிறது. சரிவான இடமாக இருந்தால் சில ஆண்டுகளிலேயே மரவேர்கள் வெளியே தெரியத் தொடங்கும். தாழ்வாரத்தின் உட்புறத்திலோ நிலைமை வேறு. மழை இல்லாததால் அங்கே புதுச்செடி முளைப்பது அரிது. ஒருமுறை கலைந்த மண்ணடுக்கு மீண்டும் அடுக்கப்படுவதில்லை. தொல்பொருள் ஆய்வாளருக்கு மண்ணடுக்குதான் காலக்கணக்கு. மேலடுக்கும் கீழடுக்கும் கலந்துவிட்டால் விதை கிடைத்தும் அதன் காலத்தை அறிய வழியில்லாமல் போகும்.

பாறையின் முகத்திலும் மனிதன் தடம் பதிக்கிறான். முன்னாளில் பாறையேறிகள் எஃகு முளைகளை வெடிப்புகளில் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள். ஏறி முடித்ததும் அவற்றைப் பெயர்த்து எடுப்பார்கள். ஒரே வெடிப்பில் பலமுறை இப்படிச் செய்ததால் கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் கடினமான கருங்கல்லே சிதைந்து குழி விழுந்தது. 1972-இல் இதைக் கண்டித்து எழுந்த குரல் அந்தக் கருவிகளை விற்றவர்களிடமிருந்தே வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. யுவான் ஷுனார் என்பவர் நடத்திய நிறுவனம் அவ்வாண்டு வெளியிட்ட விலைப்பட்டியலில், முளைகளை விட்டுவிட்டு, கையாலேயே செருகி எடுக்கக்கூடிய உலோகக் கட்டைகளைப் பயன்படுத்துமாறு ஏறுவோரைக் கேட்டுக்கொண்டது.

வெடிப்பே இல்லாத வழவழப்பான சுவரில் இது பயன்படாது. அங்கே துளையிட்டு நிலையான போல்ட்டுகளைப் பொருத்துகிறார்கள். ஏறுபவர் தம் இடுப்புக் கயிற்றை ஒவ்வொரு போல்ட்டாக மாட்டிக்கொண்டே மேலே செல்வார். கீழே நிற்கும் துணைவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கை நழுவினால் கடைசியாக மாட்டிய போல்ட்டு அவரைத் தாங்கும். ரெட் ரிவர் பகுதியின் சாய்ந்த சுவர்களில் 1990-களில் இத்தகைய பாதைகள் மளமளவென்று பெருகின. பாதைகள் பெருகவே கூட்டமும் பெருகியது.

அணையைத் தடுத்த முன்னோர்

கதையை இங்கே சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். பாறையேறிகள் வருவதற்கு முன்பே இந்தப் பள்ளத்தாக்கு ஒரு பெரிய ஆபத்தைக் கண்டு தப்பியிருந்தது. வெள்ளத்தைத் தடுப்பதற்காக ரெட் ரிவரின் குறுக்கே ஓர் அணை கட்ட அமெரிக்கப் பேரவை 1962-இல் ஒப்புதல் தந்தது. கட்டியிருந்தால் பள்ளத்தாக்கின் ஒரு பகுதி நீரில் மூழ்கியிருக்கும். ஊர்க்காரர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். 1967 நவம்பரில் நாட்டின் உச்சநீதிமன்ற நீதிபதிகளுள் ஒருவரான வில்லியம் டக்ளஸ் நேரில் வந்து அவர்களோடு பள்ளத்தாக்கில் நடந்தார். பத்திரிகைகளின் பார்வை அங்கே திரும்பியது. நீண்ட வாதங்களுக்குப் பின் 1975-இல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1985-இல் சுமார் 12,600 ஏக்கர் நிலம் ‘கிளிஃப்டி’ என்ற பெயரில் வனாந்தரப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1993-இல் ஆற்றின் 19 மைலுக்கு மேற்பட்ட நீளம் தேசியப் பாதுகாப்புப் பெற்றது.

இந்த வரலாறு பின்னால் வந்தவர்களுக்கு ஒரு பாடத்தை விட்டுச் சென்றது. ஓர் இடத்தை விரும்புகிறவர்கள் தனித்தனியே வருந்திப் பயனில்லை. ஒன்றுகூடிக் குரல் கொடுத்தால் அரசின் முடிவையும் மாற்றலாம். ஆனால் அணையை எதிர்த்தபோது கேடு வெளியிலிருந்து வந்தது. இப்போதோ கேடு செய்தவர்களில் அந்த இடத்தை விரும்பி வந்தவர்களும் இருந்தார்கள். இதனால்தான் அடுத்த கட்டம் கடினமாயிற்று.

சங்கம் பிறந்தது

அரிய செடியையும் தொல்பொருளையும் காக்கும் கடமை வனத்துறைக்குச் சட்டப்படி உண்டு. ஆகவே தேசியக் காட்டில் பாறையேறுதலுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. பாறைகள் மூடப்பட்டுவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. தனித்தனியே வந்து போகும் ஏறுபவர்களுக்காக அதிகாரிகளிடம் பேச யாருமில்லை. இந்த நிலையில் 1996-இல் அவர்கள் ஒன்றுகூடி ‘ரெட் ரிவர் கார்ஜ் பாறையேறிகள் கூட்டமைப்பு’ என்ற சங்கத்தை அமைத்தார்கள். எந்தக் குடைவை விட்டு விலகி நிற்க வேண்டும், எந்தப் பாதையைத் திருப்பிவிட வேண்டும் என்பதை வனத்துறையோடு உட்கார்ந்து பேச ஓர் அமைப்பு கிடைத்தது.

அந்தச் செடியின் கதை நல்லபடியாகவே முடிந்தது. வேலிகள் போடப்பட்டன, அறிவிப்புப் பலகைகள் நடப்பட்டன, சில பாதைகள் திருப்பிவிடப்பட்டன. புதிய ஆய்வுகளில் அது வளரும் வேறு இடங்களும் தெரிய வந்தன. 2016-இல் அது ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பட்டியலில் சேர்ந்த உயிரினம் நலம் பெற்று வெளியே வருவது அடிக்கடி நடப்பதன்று.

ஆயினும் பேச்சுவார்த்தை மட்டும் போதவில்லை. அரசு நிலத்தில் இடம் குறையக் குறைய, ஏறுபவர்கள் தெற்கே இருந்த தனியார் நிலங்களுக்குச் சென்றார்கள். அங்கே நிலவுரிமையாளரின் மனப்போக்கே சட்டம். ஒருவர் இறந்து பிள்ளைகளுக்கு நிலம் போனாலும், விற்றுக் கைமாறினாலும், வந்தவர்கள் குப்பை போட்டு அவரைச் சினமூட்டினாலும் கதவு அடைபடும்.

விலைக்கு வந்த பாறை

எனவே சங்கத்தார் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார்கள். 2004-இல் ஏறத்தாழ 700 ஏக்கர் நிலத்தை அதன் பாறைச் சுவர்களோடு விலைக்கு வாங்கினார்கள். அதற்கு ‘பெண்டர்கிராஸ்-மர்ரி பொழுதுபோக்குக் காப்பகம்’ என்று பெயரிட்டார்கள். சங்கத்தில் செல்வந்தர் கூட்டம் ஏதும் இல்லை. நிலத்தின் விலையைத் தவணைகளாகக் கட்ட வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு விழா நடத்தி நன்கொடை திரட்டித் தவணையைக் கட்டினார்கள். பின்னர் 2013-இல் மில்லர் ஃபோர்க் என்ற இடத்தில் 309 ஏக்கரையும், 2017-இல் பால்ட் ராக் என்ற இடத்தில் 102 ஏக்கரையும் வாங்கினார்கள்.

இத்தகைய வாங்குதலுக்குத் துணை நிற்கும் தேசிய அமைப்பு ஒன்றும் உண்டு. ‘அக்செஸ் ஃபண்டு’ என்ற அந்த அமைப்பு 1991-இல் தோன்றியது. 2009-இல் அது ஒரு சுழல்நிதியை ஏற்படுத்தியது. நல்ல பாறையுள்ள நிலம் விற்பனைக்கு வந்தால், உள்ளூர்ச் சங்கம் நன்கொடை திரட்டும் வரை விற்பவர் காத்திருக்க மாட்டார். அந்த இடைவெளியில் சுழல்நிதியிலிருந்து கடன் கிடைக்கும். உள்ளூரார் நன்கொடை சேர்த்துக் கடனை அடைப்பார்கள். அடைத்த பணம் அடுத்த ஊர்ப் பாறைக்குப் போகும். ஒரே பணம் பல பாறைகளைக் காக்கிறது.

நிலம் வாங்குவது பத்திரத்தில் கையெழுத்திடுவதோடு முடிவதில்லை. அமெரிக்கச் சட்டத்தில் நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும், அடியிலுள்ள கனிமம் மற்றொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். முதலில் வாங்கிய 700 ஏக்கரில் எண்ணெய்க் கிணறுகள் இருந்தன. பாறை சங்கத்துக்குச் சொந்தம். எண்ணெய் எடுக்கும் உரிமை வேறொருவருக்கு. எண்ணெய் வண்டிகள் போகும் மண்சாலையில்தான் ஏறுபவர்களின் கார்களும் போக வேண்டும். சாலையை மறித்துக் கார் நிறுத்தினால் தகராறு. எனவே வண்டி நிறுத்த இடம் அமைப்பதும் சாலையைச் செப்பனிடுவதும் பாறைப் பாதுகாப்பின் பகுதிகளாயின!

விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதும் பெரிய கேள்வி. பாறையேறுதல் ஆபத்தான விளையாட்டு. விழுந்தவர் நிலவுரிமையாளர் மீது வழக்குத் தொடுத்தால் என்ன ஆவது? இந்த அச்சத்தாலேயே பலர் நிலத்தை அடைத்துவிடுவார்கள். கென்டக்கியில் இதற்கென ஒரு சட்டம் இருக்கிறது. கட்டணம் வாங்காமல் பொழுதுபோக்குக்காகத் தம் நிலத்தில் மக்களை அனுமதிப்பவருக்கு, சாதாரண விபத்துகளுக்கான பொறுப்பு பெரிதும் குறைக்கப்படுகிறது. வேண்டுமென்றே விளைவித்த தீங்குக்கு இந்த விலக்கு இல்லை. நிலவுரிமையாளர் ஒருவரைச் சந்திக்கச் செல்லும் சங்கத்தார் முதலில் எடுத்துச் சொல்வது இந்தச் சட்டத்தைத்தான்.

இப்பகுதியில் மற்றொரு வகைக் கூட்டுறவும் உண்டு. பாறையேறுதலில் ஆர்வம் கொண்ட ஒரு தம்பதியர் சுமார் 400 ஏக்கர் கொண்ட ஒரு பள்ளத்தாக்கை வாங்கி, ‘மியூர் வேலி’ என்று பெயரிட்டு, எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். தங்கள் காலத்துக்குப் பின்னும் அது திறந்திருக்க வேண்டும் என்று எண்ணி, 2015-இல் அதனை ஒரு தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள். தனி மனிதரின் நல்லெண்ணம் எத்தனை பெரிதாயினும் அவர் ஆயுளோடு முடிவது. அதனை நிறுவனத்தின் கடமையாக மாற்றினால்தான் அது நிலைக்கும்.

சொந்தமானால் வேலையும் உண்டு

பாறை சொந்தமான பிறகு சங்கத்தின் வேலை கூடியது. ஏறும் சுவரின் அடியில் சரிவு அரிக்காமலிருக்கக் கல்லடுக்கிச் சுவர் கட்டினார்கள். நடைபாதை மலைச்சரிவில் நேராக இறங்கினால் மழைநீருக்கு அதுவே வாய்க்காலாகிவிடும். ஆகவே பாதையை வளைத்து வளைத்து இறக்கி, இடையிடையே கற்படி வைத்தார்கள். பலர் கூடும் இடத்தில் கழிப்பிடம் இல்லாவிட்டால் ஓடைநீர் கெடும். அதற்கும் ஏற்பாடு வேண்டும்.

போல்ட்டுகளைக் கவனிப்பது ஒரு தனிக் கலை. சாதாரண எஃகு துருப்பிடிக்கும். துரு மேலே தெரிவதைவிடத் துளைக்குள்ளே கூடுதலாக இருக்கலாம். எனவே பழையவற்றை எடுத்துவிட்டு, நம் வீடுகளில் எவர்சில்வர் என்று வழங்கும் துருப்பிடிக்காத எஃகினாலானவற்றைப் பொருத்துகிறார்கள். மணற்பாறை மென்மையானது. விரிந்து இறுகும் வகைப் போல்ட்டு நாளடைவில் தளரக்கூடும். எனவே துளைக்குள் பசை ஊற்றி ஒட்டும் வகை பல இடங்களில் விரும்பப்படுகிறது. உச்சியிலுள்ள வளையங்களுக்கு வேறொரு தொல்லை. கயிற்றில் ஒட்டிய மணல் துகள்கள் அரம் போல உலோகத்தைத் தேய்க்கின்றன. நாள்பட்டால் வளையத்தில் பள்ளம் விழுந்து, அதன் ஓரம் கத்தி போலக் கூர்மையாகிக் கயிற்றையே அறுக்கவும் கூடும். இவற்றைத் தேடித் தேடி மாற்றுபவர்கள் பெரும்பாலும் ஊதியமில்லாத தொண்டர்கள்.

ஊர் மக்களுக்கு இதனால் என்ன பயன்? பாறைகள் அமைந்துள்ள லீ, உல்ஃப் ஆகிய கவுன்டிகள் அமெரிக்காவிலேயே வறுமை மிகுந்தவற்றுள் சேர்ந்தவை. கிழக்குக் கென்டக்கிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறுபவர்களின் செலவுகளைக் கணக்கெடுத்தார்கள். 2015-ஐ ஒட்டிய ஆய்வில், ஏறுபவர்கள் ஆண்டுக்குச் சுமார் 36 இலட்சம் டாலர் இப்பகுதியில் செலவிடுவதாகத் தெரிந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் நடந்த ஆய்வில் அது 87 இலட்சம் டாலராக உயர்ந்திருந்தது. உணவகம், தங்குமிடம், கடை என்று ஊரார் கையில் பணம் புழங்கியது. ‘வெளியூர்க்காரர்கள் வந்து நம் மலையில் கூத்தடிக்கிறார்கள்’ என்று முகம் சுளித்தவர்களோடு பேசுவதற்கு இந்தக் கணக்கு ஒரு நல்ல தொடக்கமாயிற்று.

ஏறாமல் இருப்பதும் காவல்

பாறையேறுதல் உண்மையிலேயே செடிகளை அழிக்கிறதா என்று அறிவியல் என்ன சொல்கிறது? கனடாவின் நயாகரா சரிவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வுகள் பெயர் பெற்றவை. அங்கே செங்குத்துப் பாறையில் வளைந்து நெளிந்து நின்ற சிறு மரங்கள் சில, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வயதானவை என்று 1980-களின் இறுதியில் அவர்கள் கண்டுபிடித்தார்கள். வெறும் பாறை என்று எவரும் திரும்பிப் பாராத இடத்தில் அப்படிப்பட்ட பழங்காடு இருந்தது! ஏறுமிடங்களில் செடிகள் குறைவு என்பதையும் ஆய்வுகள் காட்டின. ஆனால் 2006-இல் வெளியான ஓர் ஆய்வு ஒரு நுட்பத்தைச் சுட்டியது. ஏறுபவர்கள் பெரும்பாலும் இடுக்கும் விளிம்பும் குறைந்த சுவரையே தேர்ந்தெடுக்கிறார்கள். அத்தகைய சுவரில் செடிகள் முதலிலேயே குறைவு. எனவே எல்லாக் குறையையும் ஏறுபவர் தலையில் சுமத்த முடியாது. எந்தச் சுவரில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

சில இடங்களில் முடிவு ‘ஏறாதே’ என்பதாகவே இருக்கும். டி.டி.டி. பூச்சிமருந்தின் விளைவாக முட்டையோடு மெலிந்து, பொரி வல்லூறு அமெரிக்காவில் அருகிப்போனது. மருந்து தடைசெய்யப்பட்டு, வளர்த்த குஞ்சுகள் காட்டில் விடப்பட்ட பின் அது மீண்டது. 1999-இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியது. அது கூடு வைக்கும் பாறைகளை இனப்பெருக்கக் காலத்தில் மூடுவதும், குஞ்சு பறந்தபின் திறப்பதும் இன்று பல இடங்களில் வழக்கம். எங்கே கூடு இருக்கிறது என்று பார்த்துச் சொல்பவர்களில் ஏறுபவர்களும் உண்டு.

வயோமிங் மாநிலத்தின் டெவில்ஸ் டவர் என்ற தனிப்பாறை லகோட்டா முதலிய பழங்குடி மக்களுக்குப் புனிதமானது. ஜூன் மாதம் அவர்களுடைய சடங்குகளுக்குரிய காலம். 1995-இல் தேசியப் பூங்காத் துறை வகுத்த திட்டம், அம்மாதத்தில் பாறையில் ஏறாமல் இருக்குமாறு வேண்டுகோள் விடுத்தது. தடையுத்தரவு போடவில்லை. ஆயினும் அந்த ஜூனில் ஏறியவர்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்தது. பெரும்பாலோர் தாமாகவே விலகி நின்றார்கள். சிலர் இன்னும் ஏறத்தான் செய்கிறார்கள். வேண்டுகோளின் வலிமையும் அதன் எல்லையும் இந்த ஒரே பாறையில் தெரிகின்றன.

தீராத கணக்கு

நிலம் வாங்கியதால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. திறந்திருக்கும் பாறைக்குக் கூட்டம் வரும். கூட்டம் கூடினால் மண் அரிக்கும். செப்பனிடப் பணம் வேண்டும். பணத்துக்கு இன்னும் பலரை அழைக்க வேண்டும். இந்த வட்டத்திலிருந்து எளிதில் வெளிவர முடியாது. அரசு நிலங்களிலும் போராட்டம் தொடர்ந்தது. வனாந்தரப் பகுதிகளில் நிலையான போல்ட்டுகள் இருக்கலாமா என்ற கேள்வி நெடுங்காலம் இழுபட்டது. 2025 ஜனவரி 4 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான ஒரு சட்டம், உரிய கட்டுப்பாடுகளோடு அவை இருக்கலாம் என்று வழிசெய்தது. அதற்காகப் பேசியவர்களில் பாறையேறிகளின் சங்கங்கள் முன்னணியில் நின்றன.

மணல் துகள்கள் தனித்தனியே கிடந்தால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒட்டுப்பொருள் சேர்ந்ததால்தான் அவை முப்பது கோடி ஆண்டு நிற்கும் பாறையாயின. கென்டக்கியில் ஏறுபவர், நிலவுரிமையாளர், வனத்துறை, ஊரார் ஆகியோரை ஒட்டவைத்தது பத்திரமும், கடனும், சட்டமும், ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியோடு வந்த தொண்டர்களின் உழைப்புமே ஆகும். இந்த ஒட்டு மணற்பாறையின் ஒட்டைப் போல ஒருமுறை இறுகி நின்றுவிடுவதன்று. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக இட்டுக்கொண்டே இருக்க வேண்டியது.